ரயில் பெர்த்தா, கப்பல் பெர்த்தா?

எங்க தெருவுல யாராவது "பெர்த் கிடைச்சுதா?"ன்னு கேட்டா, எதிராளி உடனே பதில் சொல்ல மாட்டாங்க. "ரயில் பெர்த்தா, கப்பல் பெர்த்தா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. கேட்டுட்டு ரெண்டு பேரும் சிரிப்பாங்க. ஸ்ரீரங்கத்துல இருந்து கடல் பாக்கணும்னா பஸ் ஏறி நாகப்பட்டினம் போகணும். இருக்கறது காவேரியும் கொள்ளிடமும்தான், அதுலயும் பாதி வருஷம் மணல்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட ஊருக்குள்ள கப்பல் எப்படி வந்துச்சுன்னு புதுசா குடிவந்தவங்க முழிப்பாங்க. அதுக்குக் காரணம் மாடி வீட்டு அக்கா.

அவங்க பேரை நான் எழுதப்போறதில்ல. தெருவுல பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாத்தாரு, அதனால ஊருக்கெல்லாம் கப்பக்காரம்மா. எனக்கு அக்கா. போன தை மாசம் அக்கா போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுலேர்ந்து அந்த ஒரு இங்கிலீஷ் சொல்லு எங்க கண்ணுல பட்டாலும் அவங்க குரல்லதான் கேக்குது. எனக்கும் எம் பொண்ணுக்கும் தலை சாய்க்க ஒரு இடம் இருக்கா இல்லையான்னு தெரியாம நின்ன காலத்துல, அந்தச் சொல்லுக்கு உண்டான அத்தனை அர்த்தத்தையும் எனக்கு அள்ளிக் குடுத்தவங்க அவங்க. அதை நன்றின்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போக மனசு வரல.

முதல்ல அந்த ஜோக் பொறந்த கதைய சொல்லிடறேன். கீழ்ப் போர்ஷன்ல எங்க அண்ணன் குடும்பம். மாடியில அக்காவும் அவங்க மாமியாரும். அக்கா மகன் வெளியூர்ல ஹாஸ்டல்ல படிச்சான். கப்பல்ல இருந்து எப்ப போன் வரும்னு யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அக்கா கடைக்குப் போன நேரம் பாத்து வந்துச்சு, மாமியார் எடுத்துட்டாங்க. லைன் கரகரங்குது. மகன் பேசினதுல காதுல விழுந்தது இவ்வளவுதான்: "பெர்த் கிடைக்கலம்மா, நாலு நாளா வெளியிலேயே நிக்கிறோம்." அந்தம்மா ரயில்னே நினைச்சுட்டாங்க. பெத்த புள்ள நாலு நாளா நின்னுக்கிட்டே வர்றான், அதுவும் கதவுக்கு வெளியில தொங்கிக்கிட்டு. எதிர் வீட்டுல ரயில்வே புக்கிங் கிளார்க் ஒருத்தர் இருந்தாரு. நேரா அவர்கிட்டப் போயி, "உங்களுக்கெல்லாம் கோட்டா இருக்குமாமே தம்பி. எம் புள்ளைக்கு ஒரு பெர்த் போட்டுக் குடுங்க. மேல் பெர்த்தா இருந்தாலும் ஏறிக்குவான்"ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எந்த வண்டிங்கம்மா?"

"வண்டி பேரு தெரியலப்பா. சிங்கப்பூர்கிட்ட நிக்குதாம்."

அவரு நல்ல மனுஷன், சிரிக்கல. "சிங்கப்பூர் எங்க டிவிஷன்ல வரலீங்களேம்மா"ன்னாராம்.

வேற மருமகளா இருந்தா மானம் போச்சுன்னு மாமியாரை ஒரு பிடி பிடிச்சிருப்பாங்க. அக்கா அந்தம்மாவ உக்கார வச்சு, சொம்பையும் டம்ளரையும் எடுத்து வச்சு விளக்கினாங்க. இந்தச் சொம்புதான் துறைமுகம், டம்ளர் கப்பல். கப்பல் வந்து ஒட்டி நிக்கிற இடத்துக்கும் பெர்த்துன்னுதான் பேரு அத்தை, முன்னாடி வந்த கப்பல் சரக்கு இறக்கி முடிக்கிற வரைக்கும் நம்மாளு வெளியில நங்கூரம் போட்டு நிக்கணும், படுத்துத் தூங்கிக்கிட்டுதான் நிக்கிறாரு, கவலைப்படாதீங்க. அதுலேர்ந்து போன் வந்தா அக்கா முதல்ல மாமியார் கையிலதான் குடுப்பாங்க. அந்தம்மா கேட்டுக்கிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்னு எதிர் வீட்டுக்குச் சேதி சொல்லுவாங்க, "தம்பி, பெர்த் கிடைச்சிருச்சு." கிளார்க்கும் பேப்பர மடிச்சு வச்சுட்டு, "ரொம்ப சந்தோஷங்கம்மா"ம்பாரு.

அக்காவுக்கு அந்தச் சொல்லு மேல ஒரு கிறுக்கு. வீட்டுக்காரர் பேசுறதுல பாதி அதுதான், வேற என்ன செய்வாங்க. கப்பல் நிக்கிற இடமும் பெர்த்து, அவர் படுக்கிற பலகையும் பெர்த்து. புதுசா ஒரு கப்பல்ல வேலை கிடைச்சா அதுக்கும் பெர்த்து கிடைச்சிருச்சும்பாராம். "பாத்தியா, அவருக்கு வீடு, கட்டில், உத்தியோகம் எல்லாத்துக்கும் சேத்து ஒரே சொல்லு. எனக்குத்தான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பெருக்க வேண்டியிருக்கு"ன்னு அக்கா சொல்லுவாங்க. பேப்பர்ல யாருக்கோ மந்திரி சபையில பெர்த்துன்னு வந்தா, "இவருக்கு லோயரா அப்பரா, அதைப் போடலியே"ம்பாங்க.

லீவுல வீட்டுக்கு வந்தா அந்த மனுஷனால கட்டில்ல தூங்க முடியாது. அகலம் ஜாஸ்தியாம். சுவத்தோரமா ஒருக்களிச்சு, ஒரு முழ எடத்துல ஒட்டிக்கிட்டுக் கிடப்பாரு. மிச்சக் கட்டில் பூரா காலியா இருக்கும், அக்கா கீழ பாய் போட்டுப் படுப்பாங்க. "அவ்வளவு எடம் இருக்கே, நீங்க மேல படுக்கலாம்ல?"ன்னு கேட்டேன். "அவரு முழிச்சுப் பாத்தா இன்னும் நகந்துக்குவாருடி, அப்புறம் சுவத்துக்குள்ளதான் போவணும்"ன்னாங்க.

நகர்றதுன்னா அக்காதான். "கொஞ்சம் நகந்தா ஆச்சு" — இது அவங்க வாயில வராத நாளே கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒன்னாம் நம்பர் பஸ் ஏறினா, மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளை உக்கார வச்சுடுவாங்க. கைப்புள்ளக்காரி, காய்கறி மூட்டைக்காரம்மா, முட்டி வலிக்குதுன்னு முனகுற கிழவர், ஒருத்தரும் தப்ப முடியாது. கம்பியில சாஞ்சுக்கிட்டு, "நீங்க ஜன்னல் பக்கம் நகருங்க, நீங்க மடியில பைய வையுங்க, ஆங், ஆச்சு பாருங்க"ன்னு கண்டக்டர் வேலை பாப்பாங்க. எல்லாரும் உக்காந்ததும் பாத்தா அவங்க மட்டும் நிப்பாங்க. காவேரிப் பாலம் பூரா நின்னுக்கிட்டே வருவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஊருக்கே எடம் பிடிச்சுக் குடுக்கற பொம்பளைக்குத் தனக்குன்னு ஒண்ணு கேக்கத் தெரியாதான்னு அப்பவே நினைப்பேன்.

வைகுண்ட ஏகாதசி வந்தா கேக்கவே வேண்டாம். ஊர் தாங்காத கூட்டம். வாசல்ல யாராவது மூட்டையோட நின்னு பேந்தப் பேந்த முழிச்சா, அக்கா மாடியில இருந்தே, "படியில படுத்துக்கறீங்களா?"ன்னு கேட்டுருவாங்க. படிக்கு ஒரு ஆளா தூங்குவாங்க. வீட்டு ஓனர் காலையில வந்து ஆளாளுக்குத் தாண்டித் தாண்டி மேல போயி, "என்னம்மா இது, சத்திரமா?"ன்னு கத்தினாரு. "ரயில்ல வர்ற த்ரீ டயர்தாங்க. பெருமாள் ஊர்ல வந்து படுக்க இடமில்லன்னா பெருமாளுக்குத்தானே கெட்ட பேரு. அவரே அகலமா கால நீட்டிப் படுத்திருக்காரு"ன்னாங்க. ஓனர் சிரிச்சுட்டாரு. சிரிச்சா அப்புறம் என்ன சண்டை போட முடியும்?

இனி எங் கதை. எனக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்த வீடு பாலக்கரையில. மாமனாருக்கு அங்க இரும்புக் கடை. புருஷன் கை நீட்டுற ஆளு. அதுக்கு மேல அந்த ஆளுக்கு இங்க இடம் ஒதுக்க எனக்கு இஷ்டமில்ல. ஐப்பசியில ஒரு சாயங்காலம், அவன் புள்ளை மேலயும் கை வச்சான். நான் பையில கைக்குக் கிடைச்சத அள்ளிப் போட்டுக்கிட்டு, எம் பொண்ணை இடுப்புல தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அண்ணன் வீட்டுக்கு வந்து பாத்தா பூட்டிக் கிடக்கு. அண்ணனோட மச்சினிச்சி கல்யாணத்துக்கு எல்லாரும் போயிருக்காங்க. மழை பிச்சு உதறுது. மாடிப்படிக்குக் கீழ, சைக்கிள் நிறுத்துற எடத்துல நின்னேன்.

மேலேர்ந்து குரல் வந்துச்சு. "யாரது?"

"நான்தாங்க்கா. மழைக்கு ஒதுங்கினேன்."

அக்கா ரெண்டு படி இறங்கி எட்டிப் பாத்தாங்க. பாலக்கரைக்காரிக்கு ஸ்ரீரங்கத்துல என்ன மழை ஒதுக்கம்? கையில பை, இடுப்புல அழுது வீங்கின புள்ள, என் கன்னம் இருந்த லட்சணம், எல்லாம் அந்த ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். அவங்க கேட்டது ஒண்ணும் இல்ல. "அப்ப மேல வந்து ஒதுங்கு. அங்க நின்னா சாரல் அடிக்கும்"ன்னாங்க.

அன்னிக்கு மேல போனவதான். அண்ணன் ஊர்லேர்ந்து வந்தான், பாத்தான், அழுதான். ஆனா அவனுக்கு ரெண்டே ரூம், ரெண்டு புள்ளைங்க. "கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே"ன்னு இழுத்தான். அவனைக் குத்தம் சொல்லல, மனுஷன் சம்பளம் அப்படி. அக்கா மாமியார்கிட்டப் போயி, "கொஞ்சம் நகந்தா ஆச்சு அத்தை"ன்னாங்க. அந்தம்மா கட்டில சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கிட்டாங்க. அந்த எடத்துல நாங்க ரெண்டு பேரும் பாய் விரிச்சோம்.

தெருவே என்கிட்ட வந்து துக்கம் விசாரிச்சுது. என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, நீ என்ன சொன்ன, அவன் என்ன சொன்னான். ஆறுதல் சொல்ல வந்தவங்க போகும்போது நான் இன்னும் ரெண்டு சுத்து இளைச்சிருப்பேன். ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிற அக்கா மட்டும் ஒரு கேள்வி கேக்கல. எனக்கே தாங்கல. துணி காயப்போடும்போது ஒரு நாள் நானே கேட்டுட்டேன், "ஏங்க்கா, உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னே இல்லையா?"

அக்கா போர்வையோட ஒரு முனைய என் கையில குடுத்துட்டுச் சொன்னாங்க. "அவரு சொல்லுவாருடி. பாறை இருக்கிற பக்கம் கப்பல் கிட்டப் போகாதாம். அகலமா எடம் விட்டுச் சுத்திக்கிட்டுத்தான் போகுமாம். அப்படித் தள்ளிப் போற எடத்துக்கும் பெர்த்துன்னுதான் பேராம்."

"இது என்னக்கா கூத்து? கிட்டப் போயி கட்டிப் போடறதும் பெர்த்து, எட்டிப் போறதும் பெர்த்தா?"

"ஏன், தமிழ்ல மட்டும் என்ன வாழுதாம்? மழைக்கு ஒதுங்குறோம். லாரி வந்தா ஒதுங்குறோம். ரயில்ல சீட்டு ஒதுக்குறாங்க. ஆகாதவங்களை ஒதுக்கி வைக்கிறாங்க. எல்லாம் ஒரே சொல்லுதானே. புழியிற புழியில போர்வை கிழியப்போவுது, மெள்ள."

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்திருக்கேன். இடம், படுக்கை, துறை, வேலைன்னு என்ன சொல்லு போட்டாலும் பெர்த்துக்கு ஒரு பக்கம் சரியா வரும், இன்னொரு பக்கம் இடிக்கும். ஒதுக்கம்னா மட்டும்தான் பூராவும் வருது. அக்கா அதைக் கண்டுபிடிப்புன்னு சொல்லல, துணி புழிஞ்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம்தான் நானா எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொன்னேன். கேட்டுக்கிட்டு, "சரி, சாப்பிடு"ன்னாங்க.

பாலக்கரையில இருந்து ஆள் வராம இருக்குமா? ஒரு ஞாயித்துக்கிழமை மாமனாரும் அவர் தம்பியும் கார்ல வந்து இறங்கினாங்க, பழத்தட்டோட. அண்ணன் வீட்டுக் கூடத்துல உக்காந்தாங்க. நான் கதவோரம். அண்ணி சமையக்கட்டுல. அண்ணன் அக்காவையும் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தான். மாமனார் நயமா ஆரம்பிச்சாரு. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பையனுக்குப் புத்தி சொல்லியாச்சு, பொண்ணுக்கு இடம் புருஷன் வீடுதானே, இங்க வச்சுக்க உங்களுக்கும் வசதி பத்தாது, யாரோ வீட்டு மாடியில எத்தனை நாளைக்கு ஒதுங்கிக் கிடக்கும். அண்ணன் தலைய குனிஞ்சுக்கிட்டான். இடம் இல்லங்கறது அவனுக்குத் தைக்கிற எடம். அவன் இப்ப 'சரிங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் அந்தக் கார்ல ஏறணும்.

அக்கா மெதுவாத்தான் பேசினாங்க. "துறைமுகத்துல பெர்த் இல்லன்னா கப்பலை வெளியில நில்லுன்னுதாங்க சொல்லுவாங்க. வந்த புயலுக்கே திரும்பிப் போன்னு எந்த ஊர்லயும் சொல்றதில்லீங்க."

மாமனார் அவங்களையும் எங்க அண்ணனையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "எந்தக் கப்பலுங்க?"

சமையக்கட்டுல அண்ணி குபீர்னு சிரிச்சுட்டாங்க. அடக்கப் பாத்து, முடியாம, முந்தானையால வாய மூடிக்கிட்டாங்க. அண்ணன் தலை நிமிந்தான். அவன் மூஞ்சியிலயும் சிரிப்பு வந்து, அடுத்த நிமிஷமே அது வேற எதுவோ ஆச்சு. "எந் தங்கச்சி எங்கயும் வரலீங்க"ன்னான். "மாடியில நகந்துக்குறாங்க. நாங்களும் நகந்துக்குவோம். பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்க." எங்க அண்ணன் அப்படிப் பேசி நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல.

புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டருக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு விசாரிச்சுட்டு வந்தவங்களும் அக்காதான். "உனக்கு ஒரு பெர்த்து பாத்திருக்கேன், உக்காந்து பாக்கிற வேலை"ன்னாங்க. சேந்த புதுசுல ஒரு குழந்தை பொறந்ததுக்கு இங்கிலீஷ்ல பர்த் ரிப்போர்ட் அடிக்கணும். பெர்த்துங்கறது நாக்குல ஊறிப் போயிருந்துச்சே, ஐ போட வேண்டிய எடத்துல ஈ போட்டுட்டேன். டாக்டரம்மா படிச்சுட்டு, "இந்தப் புள்ள எந்த ரயில்ல பொறந்துச்சு?"ன்னாங்க. வேலை போச்சுன்னே நினைச்சேன். திருத்தி அடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து சொன்னா, அக்கா கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. "சரியாத்தானடி போட்டிருக்க. பொறந்த புள்ளைக்கு இடம் வேணாமா?"

காலம் ஓடிச்சு. முதல்ல மாமியார் போனாங்க, அப்புறம் ரிட்டயர் ஆகி வந்த கொஞ்ச நாள்ல வீட்டுக்காரரும். மகன் மெட்ராஸ்ல வேலைக்குப் போயி, கல்யாணம் பண்ணி, அம்மாவ அழைச்சுக்கிட்டான். மாடிப் போர்ஷனை நானே வாடகைக்கு எடுத்துக்கிட்டேன். ஒரு தடவ அவங்களைப் பாக்க மெட்ராஸ் போனேன். சின்ன ஃபிளாட். கூடத்துல சோபாவுக்குப் பின்னாடி மெத்தை ஒண்ணு சுருட்டி நிக்குது. நான் அதைப் பாக்கிறதை அக்கா பாத்துட்டாங்க. "மிடில் பெர்த்துடி. பகல்ல மடக்கிடணும்"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். திரும்பி வர்ற வழி பூரா அந்த மெத்தையத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். வந்துடுங்கன்னு நான் சொன்னா மகனைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். அவங்களா கேப்பாங்களான்னா, அந்தப் பழக்கமே கிடையாது.

சித்திரையில ஒரு நாள் போன் வந்துச்சு. "லீவு சமயம் பாரு, பெர்த் கிடைக்கலம்மா. பஸ்லதான் வரணும் போல. பெருமாளைப் பாத்து நாளாச்சு."

"ரயில் பெர்த்தா, கப்பல் பெர்த்தாக்கா?"

எப்பவும் சிரிக்கிற எடம் அது. அக்கா சிரிக்கல. "வந்து சொல்றேன்"ன்னு வச்சுட்டாங்க.

மறுநாள் மத்தியானம் வாசல்ல ஆட்டோ நின்னுச்சு. எட்டிப் பாத்தேன். மாடிப்படிக்குக் கீழ, சைக்கிள் நிறுத்துற எடத்துல அக்கா நிக்கிறாங்க. பக்கத்துல வீட்டுக்காரரோட பழைய பெட்டி, மாசக்கணக்குல கப்பலுக்குப் போகும்போது அவரு கொண்டுபோற பெரிய பெட்டி. பெருமாளைப் பாக்க வர்றவங்க யாரும் அதைத் தூக்கிட்டு வர மாட்டாங்க. எம் பொண்ணு இப்ப காலேஜ் படிக்கிறா, என் பின்னாடியே வந்தா. "பெரியம்மா, என்ன இவ்வளவு பெரிய..."ன்னு ஆரம்பிச்சா. நான் அவ கைய அழுத்தினேன். புரிஞ்சுக்கிட்டா, நிறுத்திட்டா.

"என்னக்கா, அங்கேயே நின்னுட்டீங்க?"

அக்கா நிமிந்து பாத்தாங்க. வெயில் கண்ணைக் கூசுது, கைய நெத்தியில வச்சுக்கிட்டாங்க. வானத்துல பேருக்கு ஒரு மேகம் இல்ல.

"மழைக்கு ஒதுங்கினேன்ம்மா."

நானும் சொன்னேன். "அப்ப மேல வந்து ஒதுங்குங்க. அங்க நின்னா சாரல் அடிக்கும்."

எம் பொண்ணு கீழ ஓடிப் போயி பெட்டிய வாங்கினா. நான் உள்ள போயி கட்டிலை நகத்தினேன்.